வேப்பமரத்தில் என் ராக்கெட்

அம்பத்தூர் ரயில் நிலையத்துக்கு வெளியே நேற்று யாரோ சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சிய மைதாப் பசையின் புளித்த வாசனை மூக்கில் ஏறியதும், ஒன்பதாவது படிக்கையில் ஆவடி குவார்ட்டர்ஸில் நான் சேர்ந்த ராக்கெட் கிளப்புக்கே போய்விட்டேன். இன்று அடுக்குமாடிகள் நிற்கிற குவார்ட்டர்ஸ் மைதானத்தில், அட்டைக் குழாய்மேல் பசை தடவிச் செய்தித்தாளைச் சுற்றி, பழைய குடைத்துணியில் பாராசூட் தைத்து, எல்லாம் காயும்வரை விரல்களில் ஒட்டிய பசையை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். புதிதாகச் சேருபவர் தன் பெயரை எழுதி ஒரு ராக்கெட் விட வேண்டும் என்பது வழக்கம்.

"செவுத்துக்கு அந்தாண்ட போச்சுன்னா அவ்ளோதான், மறந்துடு" என்றான் கிளப்பை நடத்திய சேகர். சுவருக்குப் பின்னால்தான் எங்கள் அப்பாக்கள் வேலை பார்த்த ராணுவத் தொழிற்சாலை. என்னுடையது சுவரைத் தாண்டிப் போனது. மறக்கும் உத்தேசம் எனக்கில்லை.

மறுநாள் சாயங்காலம் அப்பா, "எங்க ஷெட்டுக்குப் பின்னால வேப்பமரத்துல தொங்குது" என்றார். கேட்டில் டிபன் கேரியரைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். உள்ளே கிடக்கும் எதையும் வெளியே கொண்டுவர முடியாது. அன்றிலிருந்து அவர் சைக்கிளை நிறுத்தும்போதே நான் விசாரிப்பேன். அணில் ஏறியது, மழையில் நனைந்தது, காய்ந்தது என்று தினமும் ஒரு சேதி வரும்.

ஒரு நாள், "காத்துல கீழ விழுந்து கெடந்துச்சும்மா. உன் பேரு அழியல" என்றார்.

"எங்கப்பா வெச்சீங்க?"

"ஏணி கேட்டு வாங்கி, திரும்ப மரத்துலயே மாட்டிட்டேன்."