ஆலை இன்ஜினுக்கு அம்மா பாடியது

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தள்ளிப்போட்டுவிட்டேன். சாமிக்கென்று வைத்த குங்குமத்தால் ஒரு சங்கடம் வந்தது என்று நானே எழுதினால் அபசாரமாகிவிடுமோ என்று பயம். இப்போதும் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதிகம் படிக்காதவள், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் மறையூரில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பும், வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகை ஒன்றும் இருந்தன. கரும்பு பிழிய அப்பா ஒரு டீசல் இன்ஜின் வாங்கியிருந்தார். அதை மாட்டிக்கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஃபிட்டர், வேகத்தைக் கட்டுப்படுத்தும் நட்டை ஓரிடத்தில் நிறுத்தி, சிவப்புப் பெயின்டால் கோடு இழுத்து, இந்தக் கோடு விலகவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் இன்ஜினைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பாள். அந்த நட்டு நெற்றி மாதிரி நடுவில் இருந்ததால் குங்குமம் அதன்மேல்தான். நாளாக ஆக, குங்குமமும் எண்ணெயும் சேர்ந்து கோடு இருந்த இடமே தெரியாமல் போயிற்று.

எங்களோடு மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. மிஷின் என்று எதைக் கண்டாலும் அவருக்குக் கை ஊறும். வீட்டு ரேடியோவைக் கழற்றினார், அது அதோடு வாய் திறக்கவில்லை. கடிகாரம் அவர் கைபட்டபின் மனம்போனபடி மணியடித்தது. ஒருநாள் காலையில் மூணாறு பஸ்ஸில் ஏறும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார்: "உந்தம்பி இன்னொரு தடவ எதையாச்சும் நோண்டினான்னா, பெட்டியத் தூக்கிக்கிட்டு எஸ்டேட் வேலைக்குக் கெளம்பச் சொல்லு. இதுதான் கடைசி."

மாமாவுக்கும் அது கேட்டது. நல்ல பேர் வாங்கிவிட அவருக்கு அன்றைக்கே அவசரம். வெட்டிப் போட்ட கரும்பு மலைபோலக் கிடந்தது. அப்பா திரும்பி வருவதற்குள் அத்தனையும் பிழிந்து முடித்துவிட்டால்? ஸ்பேனரை எடுத்து அந்த நட்டைத் திருகினார்.

இன்ஜின் ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு ஓட்டமெடுத்தது பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கரும்பு உள்ளே போகும் முன்பே சக்கையாய் வெளியே வந்து விழுகிறது. சாறு குழாயில் பாய்கிறது. நான் சக்கைக் குவியல்மேல் நின்று குதித்தேன். மாமா இன்னும் ஒரு சுற்றுத் திருகினார். கொட்டகைக் கூரையே அதிர்ந்தது.

கொப்பரையில் பாகு கிண்டிக்கொண்டிருந்த தாத்தா (ஆலை வேலைக்கு வரும் பெரியவர், நான் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன்) நிமிர்ந்து பார்த்தார். "என்னா தம்பி, மிஷினுக்கு அருள் வந்திருச்சா? துன்னூறு போடணுமா?"

அவர் கேட்டு வாய் மூடவில்லை, இன்ஜினையும் கரும்பு பிழியும் உருளையையும் பிணைத்திருந்த பெல்ட் பறந்தது. பாம்புபோல என் தலைக்கு மேலே சீறிப்போய்ச் சாறு நிறைந்த தகரத்தைச் சாய்த்தது. மாமா இன்ஜினை நிறுத்தினார். சத்தம் கேட்டு வீட்டிலிருந்து அம்மா ஓடி வந்தாள்.

"ஒண்ணுமில்லக்கா, கோட்டுக்குத் திருப்பிட்டா சரியாயிரும்" என்று மாமா கோட்டைத் தேடினார். குங்குமம்தான் தெரிந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தார். குங்குமம் போயிற்று. கூடவே பெயின்டும் போயிற்று. நட்டு பளபளவென்று மின்னியது, துணி சிவந்திருந்தது. மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

குத்துமதிப்பாகத் திருகி மறுபடி ஓட்டினார். கரும்பைக் கொடுத்ததும் இன்ஜின் திணறி நின்றது. கொஞ்சம் முடுக்கினார், பெல்ட் கழன்றது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலப் பஸ் வந்துவிடும்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "தெனமும் இது ஓடற சத்தத்துக்குத்தானடா முருகன் பாட்டுப் பாடிக்கிட்டு வெல்லம் உருட்டுறேன். இன்ஜின்தான் எனக்குத் தாளம். நான் பாடறேன், அதுக்கு ஒத்து வர்ற மாதிரி நீ திருகு."

பாடினாள். மாமா காதைச் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். டப், டப் என்று இன்ஜின் பாட்டோடு சேர்ந்துகொண்டது. கைதட்டப் போனேன், பெல்ட் மறுபடி பறந்தது.

தாத்தாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஆத்தா, பஸ்ஸு வருதுன்னு நீ பாட்ட வெரட்டுற, அதுவும் கூடவே ஓடுது. தைப்பூசத்துக்கு நின்னு பாடுவியே, அப்படிப் பாடு."

"சிரிக்காதீங்க அய்யா" என்றாள் அம்மா. பிறகு இன்ஜினுக்கு நேராக நின்று கண்ணை மூடிக் கைகூப்பினாள். அப்போதே வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட வேகம் இன்ஜினைவிட அதிகம். அம்மா கண்ணைத் திறக்கவில்லை. ஒவ்வொரு அடியாக, சாமிக்கு முன்னால் பாடுவதுபோலப் பாடினாள். மாமா கால் சுற்றுத் தளர்த்தினார். இன்னும் ஒரு இழை. டப்… டப்… டப். தாத்தா ஒரு கட்டுக் கரும்பைக் கொடுத்தார். இன்ஜின் திணறவில்லை. பெல்ட் நின்ற இடத்தில் நின்றது.

அப்பா உள்ளே வந்தார். சாய்ந்த தகரத்தைப் பார்த்தார், இன்ஜினைப் பார்த்தார். கொஞ்ச நேரம் காதுகொடுத்து நின்றார்.

"என்ன மாப்ள, நல்லா ஓடுச்சா?"

"ஓடுச்சு மச்சான்."

"சரி. கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

அம்மா பாட்டை நிறுத்தவே இல்லை. கன்னத்தில் கண்ணீர் கோடாக இறங்கியது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. முருகன்தான் காப்பாற்றிவிட்டாரே, இன்னும் எதற்கு அழுகிறாள்? கொப்பரைப் புகை கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவின் அப்பாவும் அம்மாவும் எப்போதோ போய்விட்டார்கள், ஊரில் வீடும் இல்லை, பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது மாமா ஒருவர்தான். இது புரிவதற்கு நான் கல்யாணமாகி அந்த வீட்டைவிட்டு வரவேண்டியிருந்தது.

இந்தக் கதை எங்கள் சொந்தபந்தங்களிடையே வளர்ந்துகொண்டே போகிறது. இன்ஜின் தானாக ஓடியதாம், புகையில் வேல் தெரிந்ததாம். நான் பக்கத்திலேயே நின்றவள், அப்படி எதுவும் நடக்கவில்லை. படிக்கிறவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். அம்மா முதல் தடவை அவசரமாகப் பாடியதைச் சொல்லலாம், அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள். பாட்டை மட்டும் சொல்லிவிட்டு அவள் அழுததை விட்டுவிடாதீர்கள்.