புது எண்ணெயின் நிறம்

மும்பை செம்பூரில் ஒரு ஷெட்டில் நின்ற மூன்று கார்களும் சுதந்திரத்துக்கு முன்னால் கப்பலில் வந்திறங்கியவை. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள் அவற்றில் கிடையாது. டாங்கின் மூடியைத் திறந்து மரக்குச்சியை உள்ளே விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய குச்சிகள் எப்போதோ தொலைந்துவிட்டன. காலி டாங்கில் லிட்டர் லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு வெட்டுப் போட்டுப் புதுக் குச்சிகளைச் செய்தவர் அப்துல் வாஹித். இன்ஜின் எண்ணெயைப் பார்க்கும் டிப்ஸ்டிக்குகளையும் எஃகுப் பட்டையில் அவர்தான் அறுத்துக் கொடுத்தார். தாராவியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கார்களின் சொந்தக்காரர், மாட்டுங்காவில் இருக்கும் வேங்கடசுப்ரமணியன், சாவியையே அவரிடம் கொடுத்து வைத்திருந்தார்.

வாஹித்தின் கண் மங்கத் தொடங்கியது ஷெட்டில் யாருக்கும் தெரியாது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது, போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதை அவர் மனைவி ஹபீபாவிடம்கூடச் சொல்லவில்லை. சொட்டு மருந்தைச் சட்டைப் பையில் ஒளித்து வைத்துக்கொண்டார். பெட்ரோல் குச்சியால் தொந்தரவு இல்லை. நனைந்த இடம் விரலுக்குச் சில்லென்று இருக்கும். அங்கிருந்து வெட்டுகளைத் தடவி எண்ணிவிடலாம். இன்ஜினில் ஓடிக் கறுத்த எண்ணெயும் பட்டையில் ஓரளவு தெரிந்துவிடும். புது எண்ணெய்தான் அவரைக் கவிழ்த்தது.

பழைய கார்களின் ஊர்வலத்துக்கு முந்தின நாள், பெரிய கறுப்புக் காருக்கு எண்ணெய் மாற்றினார். புது எண்ணெய் வெளிர்மஞ்சளாக இருக்கும். பளபளக்கும் எஃகில் அது இருக்கிறதா இல்லையா என்று அவருக்குப் புலப்படவில்லை. விரலால் தடவினார். நிரம்பியதைக் காட்டும் மேல்கோடு வரைக்கும் பிசுபிசுத்தது. அப்போதுதான் ஊற்றிய எண்ணெய், பட்டை இறங்கும் குழாயின் ஓரமெல்லாம் வழிந்து பட்டையில் ஒட்டியிருந்தது. நல்ல கண் அந்தத் தீற்றலை நிஜ மட்டத்திலிருந்து பிரித்துப் பார்த்திருக்கும். நிரம்பிவிட்டது என்று நினைத்து அவர் கேனை மூடிவிட்டார்.

காலையில் டிரைவர் சுடலைக்கண்ணன் கேட்டான்.

“பாய், ஆயில் பாத்தாச்சா?”

“பாத்தாச்சுல. ஃபுல்லா இருக்கு.”

சுடலை அதற்குமேல் கேட்கவில்லை. பாய் பார்த்ததை இன்னொரு தடவை பார்ப்பது அவருக்கு மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவன் அவன்.

ஃப்ரீவேயில் ஏறிய கொஞ்ச நேரத்தில் இன்ஜின் கடகடத்து இறுகி நின்றது. டோ வண்டி இழுத்து வந்து ஷெட்டில் விட்டது. வேங்கடசுப்ரமணியனின் முகம் செத்திருந்தது. அது அவருடைய அப்பா ஓட்டிய கார்.

“இத்தனை வருஷம் ஓட்டறே, இன்ஜின் கத்தறது காதுல விழலையோ? கிளம்பறச்சே எண்ணெய் பாத்தியா இல்லையா?”

சுடலை தலையைக் குனிந்துகொண்டான். “பாத்தேன் சார்.”

வாஹித் ஒரு கை தூரத்தில்தான் நின்றார். நான்தான் பார்த்தேன் என்று அவர் சொல்லவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சுடலைக்குச் சொல்லப்பட்டதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

எல்லோரும் போன பிறகு காருக்கு அடியில் படுத்து எண்ணெயைத் திறந்துவிட்டார். எங்கேயும் ஒழுகியிருக்கவில்லை. தட்டில் விழுந்த சத்தம் சீக்கிரமே ஓய்ந்தது. ஊற்ற வேண்டியதில் பாதிகூட உள்ளே போயிருக்கவில்லை.

வீட்டில் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். ஹபீபா தையல் மிஷினை நிறுத்திவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவர் கண்ணிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார்.

“கண்ணு விஷயம் எனக்குத் தெரியும்ங்க. தண்ணிச் செம்பத் தடவித் தேடுறது எனக்குத் தெரியாமலா இருக்கும்? நீங்களா சொல்வீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்” என்றாள். பிறகு, “அந்தப் புள்ள வேலை போச்சே. நாளைக்கே போய்ச் சொல்லிருங்க” என்றாள்.

வாஹித் மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டுத்தான் மாட்டுங்காவுக்குப் போனார். வேங்கடசுப்ரமணியனிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“முன்னாடியே சொல்லப்படாதோ வாஹித்? வேற யாரையாவது பாக்கச் சொல்லியிருப்பேனே.”

அவர் கோபப்பட்டிருந்தால் வாஹித்துக்குத் தேவலையாக இருந்திருக்கும். இனி வேலைக்கு வராமல் வீட்டிலேயே இருந்து வைத்தியம் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார். அங்கேயே சுடலையைப் போனில் கூப்பிட்டு, திரும்பி வரும்படி கேட்டார். சுடலை முடியாது என்று சொல்லிவிட்டான். அவன் நவி மும்பை நெருளில் ஒரு கம்பெனி வேன் ஓட்டச் சேர்ந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஹபீபாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, குர்லாவில் ரயில் மாறி, வாஹித் நெருளில் சுடலை குடியிருந்த மாடி வீட்டுக்குப் போனார். சுடலை நாற்காலியை இழுத்துப் போட்டான். டீ வந்தது. வாஹித் நடந்ததைச் சொல்லி முடித்தார்.

“சார் போன்ல சொன்னாரு பாய். கண்ணு தெரியலன்னா என்ன செய்ய முடியும்? இன்ஜின் போனதுக்காக எனக்குக் கோவம் இல்ல” என்றான் சுடலை. “நீங்க பாத்தீங்கன்னு சொன்னா உங்க வேலை போயிருமேன்னுதான் நான் பாத்தேன்னு சொன்னேன். நீங்க பக்கத்துலயே நின்னீங்க. வாயே தொறக்கல. அதத்தான் தாங்க முடியல.”

டீயில் ஆடை படிந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சுடலை, “கெளம்புங்க பாய், ரயில்ல கூட்டம் ஏறிரும்” என்றான். குரலில் கடுமை இல்லை. வாசல்வரைக்கும் வந்தான், கீழே இறங்கி வரவில்லை.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் வலது கண் முழுவதும் போய்விட்டது. கறுப்புக் கார் இன்ஜினைச் சரிசெய்யாமல் அப்படியே விலைபோனது. ஹபீபா இப்போது கூடுதலாகத் துணி வாங்கித் தைக்கிறாள். தைத்தவற்றைத் தடவிப் பார்த்து, தொங்கும் நூலைக் கத்தரித்துப் போடுவது வாஹித்தின் வேலை. பெருநாளன்று வாழ்த்துச் சொல்லச் சுடலைக்கு இரண்டு தடவை போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. வேன் ஓட்டிக்கொண்டிருப்பான் என்று ஹபீபா சொன்னாள். அன்று எல்லோருக்கும் விடுமுறை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.