நைனா கேட்டது ரேடியோ

ஈயம் உருகும்போது எழும் புகைக்கு ஒரு வாடை உண்டு. ஊதுபத்தியும் கருகிய முடியும் கலந்தாற்போல மூக்கின் நுனியிலேயே நிற்கும். எண்பதுகளின் நடுவில், எட்டாவது படித்துக்கொண்டிருந்த நான், செஞ்சிக் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்த்த பாயின் கடையைத் தாண்டும்போதெல்லாம் அந்த வாடைக்காகவே நடையைத் தளர்த்துவேன்.

அந்த வருஷம்தான் நைனா நெல் மண்டியில் மூட்டையோடு சறுக்கி விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவற்றுக் கட்டிலில் கிடந்தார். அம்மா களையெடுக்கப் போய்விட, பகலெல்லாம் கூரை ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் சொன்னார்: "பாய் கடைல ரேடியோ செய்யற பெட்டி வந்துருக்குதாமே. ஒண்ணு செஞ்சு குடுடா. வூட்ல ஆள் பேசற சத்தம் கேட்டா போதும்."

பாய் இரண்டு அட்டைப்பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் ரேடியோவுக்கான சாமான்கள். எல்லாவற்றையும் 'பத்து வைக்க' வேண்டும், அதாவது ஈயத்தை உருக்கி ஒட்ட வேண்டும். மற்றதில், திருகாணியால் முடுக்கினாலே சிவப்பும் பச்சையுமாக மாறிமாறி மின்னும் இரண்டு குட்டி விளக்குகள். சூடு கொஞ்சம் கூடினாலும் டிரான்சிஸ்டர் செத்துப்போகும் என்றார் பாய். செத்துப்போகும் என்று காதில் விழுந்ததுமே ரேடியோப் பெட்டியைப் பாயின் பக்கமே தள்ளிவிட்டேன். ராஜகிரிக் கோட்டையை மூச்சு வாங்காமல் ஏறி இறங்கிய வீரன், கடலைப்பருப்பு அளவு சாமானுக்குப் பயந்து விளக்குப் பெட்டியை வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

"இது பேசுமாடா?"

"பேசாது நைனா. மின்னும்."

கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, தலமாட்டுல மாட்டு."

அவலூர்பேட்டையிலிருந்து பார்க்க வந்த அத்தை, சினிமா ஆஸ்பத்திரிகளில் கண்டதை வைத்து, அது தம்பியின் உயிரை அளக்கிற 'மிஷின்' என்று முடிவுகட்டி, வாசற்படியிலேயே மாரடித்து அழுதாள். தெருவே கூடிவிட்டது. நைனாவுக்கோ வெகுநாள் கழித்து ஒரு விளையாட்டுக் கிடைத்த குஷி. முகம் துளியும் மாறாமல், "ஆமாக்கா, அது நின்னா நானும் நின்னுட்டேன்னு அர்த்தம்" என்றார்.

முடுக்கியவனே நான்தான், அதற்குள் இருந்த திருகாணி ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் பச்சை விளக்கு மங்கிச் சிவப்பும் தள்ளாடியபோது, பேட்டரிக் கட்டை தீர்ந்திருக்கிறது என்கிற அறிவு எங்கே போனதோ தெரியவில்லை, "நைனா போவாத, நைனா போவாத" என்று கத்திக்கொண்டு, சட்டைகூட இல்லாமல், மேல்மலையனூர் பஸ்ஸுக்கு நின்ற அமாவாசைக் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு பஸ் நிலையத்துக் கடைவரை ஓடினேன். எந்த பஸ்ஸில் ஏறினார் உன் நைனா என்று ஒரு கண்டக்டர் அக்கறையாக விசாரித்தார்.

கட்டையோடு திரும்பியபோது நைனா இருமலும் சிரிப்புமாகக் கிடந்தார். "இன்னும் போவலடா. மெதுவா போடு."

ஐந்து மாதம் கழித்து அவர் போனது ஒரு மத்தியானம், வீட்டில் யாருமில்லாத நேரம். பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தபோது, முந்தின நாள் புதுக்கட்டை போட்ட விளக்குகள் சுறுசுறுப்பாக மின்னிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துவிட்டு, பையை ஆணியில் மாட்டி, கால்மாட்டில் உட்கார்ந்து, கணக்கு வாத்தியார் என்னைப் பெஞ்சின் மேல் ஏற்றிய கதையை அவருக்கு முழுதாகச் சொல்லி முடித்தேன்.

பாயின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். என் மகள் போன வாரம் கைபேசியில் படம் பார்த்தே தானே பூட்டிச் செய்கிற மைக்ரோகண்ட்ரோலர் கிட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பிடிக்காவிட்டால் ஏழு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாமாம்.

எனக்கு ஐந்து மாதம் இருந்தது. பாய் கடையும் கூப்பிடு தூரம்தான்.