நான் கழுவிவிட்ட கோலம்

பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் "எல்லார் வீட்டுக் கலையும்" என்று இரண்டு நாள் கண்காட்சி வைத்தோம். அந்தத் தலைப்பைக் கொடுத்தது நான்தான். நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை. என்னோடு ஓடியாடியவர் அதே பள்ளியின் தையல் டீச்சர். லப்பைக்குடிகாட்டிலிருந்து பூத்தையல் போட்ட தொழுகை விரிப்பு வந்தது. வாலிகண்டபுரத்திலிருந்து மாட்டுக் கொம்புக்கு மாட்டும் பித்தளைக் குப்பிகள் வந்தன. முந்தைய நாள் மதியம் நான் அரியலூருக்குப் போனேன், ஒரு குடும்பம் வைக்கோலில் செய்திருந்த கிறிஸ்துமஸ் குடிலை வாங்கி வர. பஸ் கிடைத்துத் திரும்பப் பொழுது சாய்ந்துவிட்டதால் நேரே வீட்டுக்குப் போய்விட்டேன்.

திறப்பு விழா காலை பத்து மணிக்கு. நான் ஆறு மணிக்கே மண்டபத்தில் இருந்தேன். வாசலில் ஒரு கோலம் காய்ந்து கிடந்தது: நெற்கதிர்கள், தாமரை, உள்ளே நடந்து போகிற சின்னச் சின்னப் பாதங்கள். எனக்கு வந்ததே கோபம்! விழா நாளில் நேற்றைய கோலத்தை மிதித்துக்கொண்டா விருந்தாளிகள் உள்ளே வருவார்கள்? கிருஷ்ண ஜெயந்தி முடிந்து எத்தனை மாதம் ஆகிறது, இப்போது பாதம் என்ன வேண்டிக் கிடக்கிறது என்று முணுமுணுத்தபடி வாளியில் தண்ணீர் பிடித்தேன். அரிசி மாவைக் கரைத்துப் போட்டது, லேசில் போகவில்லை. தென்னந்துடைப்பத்தால் இடுப்பொடியத் தேய்த்தேன். பிறகு இருபத்தோரு புள்ளி வைத்து நானே ஒரு சிக்குக் கோலம் போட்டேன். ஓர் இழை பிசகவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

எட்டரை மணிக்கு வந்த தையல் டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஐயோ, என்னங்க டீச்சர் பண்ணி வச்சிருக்கீங்க? இங்க இருந்த கோலம் எங்க?"

"கழுவிட்டேன். நேத்துப் போட்டதுதானே?"

"அது கண்காட்சிக்குப் போட்டதுங்க. உள்ள டைல்ஸ்ல மாவு புடிக்கலன்னு நான்தான் வாசல்ல போடச் சொன்னேன்."

போட்டது ரெட்டிபாளையத்தில் குடியிருக்கும் ஒடிசாக்காரப் பெண். கணவருக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. அவர்கள் ஊரில் அறுவடை முடிந்ததும் லட்சுமிக்கு வீடு முழுக்க இப்படிப் போடுவார்களாம். இங்கே லைன் வீட்டில் சுவரிலும் தரையிலும் மாவு படக்கூடாது என்று வீட்டு ஓனர் கண்டிப்பு. ஆறு வருஷத்துக்குப் பிறகு நேற்றுத்தான் ஆசை தீரப் போட்டிருக்கிறாள். ஒன்பது மணிக்கு அதை ஊரிலிருக்கும் அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டுவதாக ஏற்பாடு. அம்மாவிடம் போன் கிடையாது, பக்கத்து வீட்டுக்குப் போய்க் காத்திருப்பார்.

ஊரையெல்லாம் கூட்டி பேனர் கட்டியவள் நான். அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை.

ஒன்பதுக்குச் சற்று முன் அந்தப் பெண்ணும் கணவரும் வந்தார்கள். அவள் என் சிக்குக் கோலத்தைப் பார்த்தாள். பிறகு வாசல் முழுவதும் கண்ணால் தேடினாள். நான் நடந்ததைச் சொன்னேன். கணவர் அவர்கள் மொழியில் அவளுக்குச் சொன்னார். அழுவாள், இல்லை என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். இரண்டும் நடக்குமுன் போன் அடித்தது.

திரையில் முக்காடிட்ட ஓர் அம்மாள், முகமெல்லாம் ஆவல். இவள் என்னவோ சொன்னாள், கூடவே சிரித்தும் வைத்தாள். அம்மாளின் முகம் வாடிப்போயிற்று.

"என்னங்க சொல்றாங்க?" என்று கணவரிடம் கேட்டேன்.

"மழையில போச்சுன்னு சொல்றா மேடம்."

பெரம்பலூரில் மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. போனை வாங்கி, "மழையெல்லாம் இல்லைங்கம்மா. நான்தான் கழுவிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன். அந்த அம்மாளுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. கணவரைப் பார்த்தேன். அவர் எதையும் மொழிபெயர்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகளுக்குத் துணையாக யாரோ நல்ல மனுஷி இருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும், அந்த அம்மாள் முகம் மலர்ந்து, கையை உயர்த்தி என்னை ஆசீர்வாதம் செய்தார்.