சரி கேப்டன்

எங்கள் கப்பலில் இரண்டு பேர்தான். ஓட்டுவது நான், சுடுவது என் கணவர். கப்பல் என்றால் விண்வெளிக் கப்பல். கம்ப்யூட்டரில் விளையாடும் ஒரு விளையாட்டில் இருந்த கப்பல் அது. அந்த விளையாட்டில் படம் என்று ஒன்றுமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். ‘எதிரே ஒரு கப்பல் நெருங்குகிறது’ என்று ஒரு வரி வரும். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று நாம் ஒரு வரி தட்ட வேண்டும். எதிரி சுட்டால் ஒரு வரி வரும். கப்பல் உடைந்து ஆள் செத்துப்போனாலும் ஒரு வரிதான். எந்தெந்த நாட்டிலிருந்தோ பலர் அதற்குள் வந்து, ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு, வியாபாரியாகவும் கொள்ளைக்காரராகவும் கேப்டனாகவும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

நான் அதற்குள் போன கதை பம்மலில் தொடங்குகிறது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். முப்பது வயதைத் தாண்டியதும் சாயங்காலங்களில் தடுமாற ஆரம்பித்தேன். ஒருமுறை பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், தரையில் பரப்பி வைத்திருந்த பழைய மிக்ஸி ஜார்களுக்கு நடுவே காலை வைத்து விழுந்தேன். கடைக்காரர் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, “இன்னாமா, கண்ணு தெர்லியா?” என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தானோ என்னவோ அந்தக் கேள்வி என்னோடு வீடுவரை வந்தது. மறுவாரம் டாக்டர், விழித்திரை ஓரத்திலிருந்து பழுதாகிக்கொண்டு வருகிறது, நிறுத்த மருந்தில்லை என்றார். பார்வை வருஷத்துக்கு வருஷம் குறுகியது. கடைசியில் உலகத்தை ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆயிற்று.

வேலை போனதிலும் யாருடைய தப்பும் இல்லை. ஒரு நாள் கரும்பலகையில் ஏற்கெனவே எழுதியிருந்த வரியின் மேலேயே அடுத்த வரியையும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிரிக்காமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று டீச்சராக இருந்தவர்களுக்குத் தெரியும். தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ளச் சொன்னார். எத்தனை நாள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அஸ்தினாபுரத்தில் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. கணவருக்குப் பல்லாவரத்தில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. சபையிலிருந்து அக்காமார் வந்து என் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுப் போவார்கள். ஒருவர், உன்னிடம் விசுவாசம் குறைவாக இருக்கிறதோ என்று அன்பாகவே கேட்டார். அவர்கள் போன பிறகு என் கணவர் காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, “அடுத்த தடவ வந்தா நீ தூங்கறேன்னு சொல்லிடறேன்” என்றார். அப்போதெல்லாம் அவர் அப்படித்தான் இருந்தார்.

தாம்பரத்தில் ஒரு பயிற்சி நிலையத்துக்கு என்னை அனுப்பியதும் அவர்தான். கம்ப்யூட்டர் திரையில் உள்ளதைக் குரலாக வாசித்துச் சொல்லும் மென்பொருளை அங்கே கற்றுக்கொடுத்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் பம்மல்காரர் ஒருவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவர்தான் இந்த விளையாட்டைப் பற்றிச் சொன்னார். “டீச்சர், அதுல படமே கெடியாது. கண்ணு கீறவனும் படிச்சிகினுதான் ஆடணும், நம்மளும் கேட்டுகினுதான் ஆடணும். அங்க எல்லாரும் ஒன்னுதான்” என்றார்.

அங்கே விண்வெளி என்பது வெறும் எண்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் மூன்று எண்கள் உண்டு: குறுக்கே எவ்வளவு தூரம், நெடுக்கே எவ்வளவு தூரம், மேலே எவ்வளவு உயரம். குரல் அவற்றை வாசிக்க வாசிக்க என் மண்டைக்குள் ஒவ்வொரு கப்பலும் அதனதன் இடத்தில் வந்து நின்றது. சுவரைத் தடவித் தடவி குளியலறைக்குப் போய்வந்த நான், அங்கே விண்கற்களுக்கு நடுவே முழு வேகத்தில் போனேன். யாரும் என்னிடம், பார்த்து வா என்று சொல்லவில்லை.

ஒரு நாள் என் கணவர் பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, “நானும் வரட்டுமா?” என்று கேட்டார். ஹாலில் இருந்த பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி உட்கார்ந்தார். என்னுடையது உள்ளறையில் இருந்தது. நடுவில் ஒரு சுவர்.

கப்பலுக்குள் இருப்பவர்கள் மட்டும் பேசிக்கொள்ள அதில் ஒரு தனி வழி உண்டு. அதில் நாங்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்வோம். என் கம்ப்யூட்டர் குரலுக்குத் தமிழ் தெரியாது. அவர் ‘வலது பக்கம் வர்றான்’ என்று தட்டினால் அது ஏதோ மாத்திரையின் பெயரைப்போல் வாசிக்கும். சில நாளில் அந்த உச்சரிப்பே எனக்குப் பழகிவிட்டது. அவருடைய குரல்களில் அதுவும் ஒன்று என்றாகிவிட்டது.

எங்கள் முதல் பெரிய சண்டை ஒரு சரக்குக் கப்பலுக்குக் காவலாகப் போனபோது நடந்தது. இரண்டு கொள்ளைக்காரர்கள் எங்களைத் துரத்தினார்கள். நான் கப்பலை ஒரு விண்கல்லுக்குப் பின்னால் கொண்டுபோய் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர்கள் தாண்டிப் போனதும் அடியிலிருந்து மேலே ஏறினேன். இருவரும் ஒரே நேர்கோட்டில் அகப்பட்டார்கள். “இப்போ” என்று தட்டினேன். அவர் சுட்டார். எதிரியின் கப்பல் சிதறிய வரியைக் குரல் வாசித்து முடிப்பதற்குள், சுவருக்கு அந்தப்பக்கம் அவர் சிரித்தார். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

வீட்டில் எதைக் கேட்டாலும், “ஒண்ணுமில்லம்மா” என்பவர், கப்பலில் மட்டும் பேசினார். ஆபீசில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று அங்கேதான் எனக்குச் சொன்னார். ஒரு தடவை, சண்டை ஒன்றும் இல்லாத வெறும் ரோந்தில், ‘பயமா இருக்கு கேப்டன்’ என்று தட்டினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ‘எனக்கும்’ என்று தட்டினேன். பிறகு இருவரும் போய்த் தோசை சாப்பிட்டோம்.

அப்படி ஒரு வருஷம் போயிருக்கும். அதற்குள் என் குழாயும் அடைத்துக்கொண்டது. வடிவங்கள் போய், பகலா இரவா, ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிகிற நிலைக்கு வந்தேன். அவருக்கு வீட்டு வேலை கூடியது. காலையில் சமைத்து, என் துணிகளை வரிசையாக எடுத்து வைத்து, கேஸ் மூடியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு ஆபீசுக்கு ஓடுவார். அங்கிருந்து போன் செய்துகொண்டே இருப்பார். வந்ததும் மறுபடி சமையல். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. அவரிடம் நான் குறை கண்டுபிடிக்க முடியாது. அதுவே எனக்குப் பாரமாக இருந்தது.

கப்பலில் அவர் பேச்சு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. நான் எதைச் சொன்னாலும், ‘சரி கேப்டன்.’ எதிரி வந்தால், ‘குறி வெச்சாச்சு கேப்டன்.’ அவ்வளவுதான். களைப்பாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியும் குறி தப்பவில்லை. முன்பைவிட வேகமாகவே சுட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டோம். மத்தியானம் விளையாட்டில் எங்கள் கூட்டணிக்காரர்கள் எல்லாரும் எல்லையில் கூடுவதாக ஏற்பாடு. நான் உள்ளறையில் போய் உட்கார்ந்தேன். ஹாலில் அவர் நாற்காலி கிறீச்சிட்டது. எல்லைக்குப் போகும் வழியில்தான் அதைக் கவனித்தேன். என் இடப்பக்கம் ஜன்னல் இல்லை. ஜன்னல் இருக்குமிடத்தில் எப்போதும் ஒரு சாம்பல் வெளிச்சம் இருக்கும். அது இல்லை. யாரோ திரையை இழுத்துவிட்டிருப்பார்கள் என்று எழுந்து போய்த் தொட்டேன். திரை ஒதுங்கித்தான் இருந்தது. கம்பிகளில் முகத்தை வைத்தேன். வெயில் கன்னத்தைச் சுட்டது. கீழே யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். எங்கும் ஒரே மாதிரி இருந்தது.

அதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. ஹாலுக்குப் போய் அவர் முன் நின்று சொல்லியிருக்கலாம். போகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, கப்பலில் தட்டினேன்: ‘வெளிச்சமும் போயிடுச்சுங்க. ஜன்னல் தெரியல.’

உடனே பதில் வந்தது. ‘சரி கேப்டன்.’

அதிர்ச்சியில் அவர் கை தானாகத் தட்டிவிட்டதாக நினைத்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் நாற்காலி நகரும் என்று காத்திருந்தேன். நகரவில்லை. ‘நான் சொன்னது புரிஞ்சுதா?’ என்று தட்டினேன்.

‘சரி கேப்டன்.’

இன்னாரிடமிருந்து வரி வந்தால் இன்ன பதிலைக் கம்ப்யூட்டரே தட்டும்படி செய்துவைக்க முடியும். அங்கே விளையாடும் எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான் அது. எதிரியின் பெயரைப் பார்த்ததும் குறி வைத்துச் சுடும்படியும் செய்யலாம். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்து போய்ப் பார்க்காமல் நம்ப மனம் வரவில்லை.

ஹாலில் நாற்காலியைத் தடவினேன், காலியாக இருந்தது. கம்ப்யூட்டரின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் காலால் துழாவினேன். அவர் செருப்பு இல்லை. நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வெகுநேரம் கழித்து வெளித் தாழ்ப்பாள் சத்தமில்லாமல் திறந்தது. சத்தம் வராமல் திறக்க ஒரு பழக்கம் வேண்டும். எங்கள் தாழ்ப்பாள் அப்படி. அவர் உள்ளே வந்து, என்னைப் பார்த்து நின்றுவிட்டது மூச்சில் தெரிந்தது.

“எவ்ளோ நாளா?” என்று கேட்டேன்.

“மழைக்காலத்துலேர்ந்து” என்றார். பொய் சொல்ல அவர் முயலவில்லை.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். எந்தப் பதிலுக்குப் பயந்தேனோ, அது வரவில்லை.

“எங்கயும் இல்லம்மா. குரோம்பேட்டை ஸ்டேஷன் வரைக்கும் நடப்பேன். பிளாட்பாரத்துல உக்காந்திருப்பேன். ஒரு நாலஞ்சு ட்ரெயின் போகும். திரும்பி வந்துருவேன்.” செருப்பைக் கழற்றிவிட்டார். “நீ கப்பல்ல இருக்கற நேரம் மட்டுந்தான் நீ எங்கயாவது இடிச்சுக்குவியோன்னு எனக்குப் பயமில்ல. அப்ப மட்டுந்தான் நான் வெளிய போக முடியுது.”

உள்ளறையில் குரல் வாசிக்க ஆரம்பித்தது. எல்லையில் சண்டை தொடங்கிவிட்டது. கூட்டணிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் கப்பல் ஓட்ட ஆளில்லாமல் நடுவெளியில் நின்றது. எதிரிகளின் எண்கள் நெருங்கி வந்தன. ‘குறி வெச்சாச்சு கேப்டன்’ என்று என் மேஜைமேலிருந்து குரல் சொன்னது. சுட்டது. மறுபடி குறி வைத்தது.

“போம்மா, கப்பல் அடி வாங்குது” என்றார்.

“நீங்க போங்க” என்றேன்.

இருவரும் போகவில்லை. இடப்பக்கத் தகடு உடைந்தது, எஞ்சின் நின்றது, காற்று வெளியேறுகிறது என்று குரல் ஒவ்வொன்றாக, எந்த அவசரமும் இல்லாமல் வாசித்தது. தப்பிக்கும் கூண்டில் ஏற ஒரு சிறு அவகாசம் கொடுப்பார்கள். அதுவும் கடந்தது. நாங்கள் சேர்த்ததெல்லாம் அந்தக் கப்பலில்தான் இருந்தது. கடைசி வரி வந்த பிறகு விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அவர் என்னை மெதுவாக எழுப்பிச் சோபாவில் உட்கார வைத்துவிட்டு, நாற்காலியில் அமர்ந்தார். மவுஸ் சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி, அவர் இல்லாதபோது கப்பலில் வந்த வரிகளை மேலே நகர்த்திப் பார்ப்பது கேட்டது. ஓரிடத்தில் சக்கரம் நின்றது. எந்த வரி என்று எனக்குத் தெரியும். அவர் எழுந்து வந்து என் முன்னால் நின்றார். என் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். லேசாகக் காற்று பட்டது. பிறகு தரையில் உட்கார்ந்து, என் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டார். “முடியலம்மா” என்றார். அவர் தலையில் கைவைத்திருந்தேன்.

அதன்பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போவதில்லை. போய்வாருங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். நான் படுத்தே இருக்கிறேன், எதையும் தொடமாட்டேன் என்றுகூடச் சொன்னேன். “வேணாம், இங்கயே இருக்கேன்” என்கிறார். ஹாலில் டிவிகூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் அங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டுமாம், அதற்காக அவ்வப்போது இருமுகிறார். அந்த இருமல் ஒவ்வொன்றும் அவர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம் என்று எனக்குப் படுகிறது.

புதுக் கப்பல் எடுத்துக்கொண்டு வரும்படி கூட்டணிக்காரர்கள் இரண்டொரு முறை எழுதினார்கள். பம்மல்காரர் போன் செய்து, தனக்குத் தெரிந்த ஒரு நல்ல சுடும் ஆள் இருப்பதாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. என் கணவர் ஹாலில் இருந்த கம்ப்யூட்டரைக் கழற்றி, யாருக்கோ கொடுத்துவிட்டார். அந்த மேஜைமேல் இப்போது தண்ணீர் கேன் இருக்கிறது.

போன வாரம் சாப்பிடும்போது, எங்கேயாவது இரண்டு நாள் போய்வரலாமா என்று அவர் கேட்டார். எங்கே என்றேன். அவருக்கும் தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டார். போதும் என்றேன்.