பேனலுக்குக் கட்டிய வாழை

அந்தியூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சோலார் வந்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் அங்கே செவிலியர். நாலு தூறல் விழுந்தாலே கரண்ட் போய்விடும் ஊர் அது. செல்போன் வெளிச்சத்தில் நான் பிரசவம் பார்த்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். மொட்டைமாடியில் எட்டுப் பேனல், கீழே பீரோ உயரத்துக்குப் பேட்டரி. நட்டநடுப் பகலில் எல்லா விளக்கையும் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் வாயையும் விட்டுவிட்டேன். மலைமேலிருந்து மாதாந்திரப் பரிசோதனைக்கு ஒரு பெண் வருவாள். அவளுடைய முதல் குழந்தை எங்களிடம் கரண்ட் இல்லாத நேரத்தில் பிறந்து, உடம்பு சில்லிட்டுப்போய், துணியில் சுற்றி ஆம்புலன்ஸில் ஓடிய குழந்தை. நல்லவேளை, பிழைத்தது. இந்தத் தடவை நேராக டவுன் ஆஸ்பத்திரிக்கே போவதாக இருந்தாள். "இங்கயே வா கண்ணு, இனிக் கரண்டே போகாது, நானாச்சு" என்றேன். நம்பிவிட்டாள்.

ஆயுதபூஜை வந்தது. எடை பார்க்கும் மெஷின், பிரஷர் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். "அதுகளுக்கெல்லாம் வெச்சுப்போட்டு மேல இருக்கறதுக்கு வெக்காம உடலாமுங்களா சிஸ்டர்?" என்றார் ஆயாம்மா. வார்டு கூட்டுவதிலிருந்து பிள்ளையைக் குளிப்பாட்டுவது வரை எங்களுக்கு எல்லாமே அவர்தான். அவர் சொன்னது எனக்கு நூற்றுக்கு நூறு நியாயமாகப் பட்டது. எட்டுப் பேனலுக்கும் சந்தனத்தைக் குழைத்து அள்ளிப் பூசினோம். நடுவில் தட்டு அகலத்துக்குக் குங்குமம். நாலு மூலைக் கம்பியிலும் ஆளுயர வாழைக்கன்று. மாலை சாத்திவிட்டு இரண்டு பேரும் விழுந்து கும்பிட்டோம். படித்தவள்தான் நான், என்ன செய்ய.

அன்று காலையிலேயே எங்கோ லைன் அறுந்து ஊரில் கரண்ட் போயிருந்தது. எனக்கு அது காதிலேயே ஏறவில்லை.

மறுநாள் விஜயதசமி. பத்து மணிக்கு அந்தப் பெண் வலியோடு வந்து இறங்கினாள். ஊருக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. "கவலைப்படாத, சோலார் இருக்குது" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்தியது. மின்விசிறி நின்றது. பிறந்த குழந்தைக்குச் சூடு கொடுக்கும் வார்மரும் செத்துக் கிடந்தது. அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவளை என்னோடு பணியில் இருந்த இன்னொரு செவிலியரிடம் விட்டுவிட்டு, சோலார் பொருத்திய கோயமுத்தூர் இன்ஜினியருக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க சிஸ்டர், பேனல் மேல நெழல் ஏதாச்சும் உழுகுதுங்களா?"

"பக்கத்துல மரமே இல்லீங்க."

"எதுக்கும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

ஆயாம்மாவையும் கூட்டிக்கொண்டு மாடிக்கு ஓடி, மாலை பொட்டெல்லாம் நன்றாகத் தெரியும்படி எடுத்து அனுப்பினேன். உடனே அவரே திரும்பக் கூப்பிட்டார்.

"சிஸ்டர்... பேனலுக்கு என்னங்க, கல்யாணமுங்களா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஒரு பேனலில் வாழை இலை நிழல் விழுந்தாலே அந்த வரிசை மொத்தமும் படுத்துவிடுமாம். நாங்கள் நாலு மூலைக்கும் கட்டி, மிச்ச வெயிலையும் சந்தனத்தால் மறைத்திருக்கிறோம். பேட்டரிக்கு இரண்டு நாளாகச் சோறே இல்லை!

"வெட்டுங்க ஆயாம்மா!" என்று கத்தினேன்.

"மறுபூசை போடாம வாழையைக் கழட்டப்படாதுங்க சிஸ்டர்."

"அப்பப் போடுங்க பூசையை, ஒரே நிமிஷம்!"

ஆயாம்மா முந்தானையில் முடிந்திருந்த சூடத்தைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துக் கொளுத்தினார். மணிக்குப் பதிலாக நான் கையைத் தட்டினேன். அடுத்த நொடி நாலு வாழையும் தெருவில் கிடந்தன. ஈரத்துணியோடு பேனல்மேல் பாய்ந்தோம். காய்ந்த சந்தனம் லேசில் போவேனா என்றது. தேய்த்துக்கொண்டே சிரித்தோம், நிறுத்த முடியவில்லை. கீழேயிருந்து "சிஸ்டர், லைட் வந்துருச்சு!" என்று குரல் கேட்டபோது, ஐம்பதைத் தாண்டிய வயதில் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன்.

கால் மணி நேரத்தில் குழந்தை பிறந்தது. பெண், இரண்டேகால் கிலோ. சூடேறிக் காத்திருந்த வார்மரில் கிடத்தினோம். பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் கண்ணில் வந்துவிட்டது.

அம்மாக்காரி மேலே எரிந்த டியூப்லைட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"சிஸ்டர், அந்த லைட்டை அணைச்சுப்போடுங்க, கூசுது."

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த அறையில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஓடிப்போய் அணைத்தேன்.