சூட்டுக்கை அக்கா

இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடேற்றிய பிறகுதான் யாருடைய கையையும் தொடுவாள். "சில்லுனு தொட்டா நரம்பு ஓடி ஒளிஞ்சுக்கும்" என்பாள். பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் சூட்டுக்கை அக்கா.

ஊசி ஏறும்போது குடும்பத்தை விசாரிப்பாள். கூடப் பிறந்தவர்கள் எத்தனை, மூத்தவளா கடைக்குட்டியா. பதில் முடிவதற்குள் குழாய் நிறைந்துவிடும். கேட்டதை மறக்கவும் மாட்டாள். வருடங்கள் கழித்து வந்தவளிடம், "ஓரகத்தியோட பேச்சு வந்துடுச்சா?" என்பாள். என்ன சோதனை, எதற்கு என்று மட்டும் வாய் திறந்து கேட்க மாட்டாள்.

போன வாரம் ஓர் இளம் மனைவிக்கு எடுத்தாள். உதட்டோரம் கொப்புளம். புருஷன் போனில் தேடி, ஹெர்பிஸ் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு, அது படுக்கையில் ஒட்டுகிற நோய், கல்யாணத்துக்கு முன்னால் யாரோடோ பழகியிருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டான். கிருமியோடு உடம்பு சண்டை போட்டிருந்தால் ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்குமாம். இருந்தால் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தான்.

இருந்தது. இது முதல் வகைக் கிருமி, பெரும்பாலும் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொள்வது, கொப்புளமே வராதவர்களுக்கும் இருக்கும் என்று டாக்டர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். அவன் காதில் ஏறவில்லை. மனைவியை இழுத்துக்கொண்டு நேரே ரத்தம் எடுக்கிற அறைக்கு வந்துவிட்டான்.

"யாருகிட்டேருந்து வந்துச்சுன்னு இந்த ரிப்போர்ட்டுல போடலையே?"

"அது ரத்தத்துக்குத் தெரியாது தம்பி."

காய்ச்சல் அடித்தால் தன் அம்மாவுக்கு, பெரியம்மாவுக்கு, கடைசி மாமாவுக்கு, தனக்கு, எல்லோருக்கும் உதட்டில் இதே கொப்புளம்தான் என்றாள் அக்கா. சின்னப் பிள்ளையில் தன்னைத் தூக்கிக் கொஞ்சாத ஆளில்லை. யார் கொடுத்த முத்தத்தில் வந்தது என்று எந்த மிஷினைப் போய்க் கேட்பது?

அவன் மீசையைத் தடவினான். தன் வீட்டில் யாருக்கும் இந்த மாதிரி வந்ததே கிடையாது என்றான்.

சுவரோரம் நின்ற மனைவி அப்போதுதான் வாய் திறந்தாள்.

"வராதவங்களுக்கும் இருக்கும்னு டாக்டர் சொன்னாரே. இவர் ரத்தத்தையும் பாத்துடுங்கக்கா. இருந்தா நானும் கேக்கணும்ல, யாருகிட்டேருந்துன்னு."

அவன் வாசலைப் பார்த்தான். பிறகு காலி நாற்காலியைப் பார்த்தான்.

சூட்டுக்கை அக்கா அவனைப் பார்த்தபடியே, உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்துப் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தாள்.